முறுக்கிய கம்பி, சுட்ட முறுக்கு

[காட்சி: கோவை கணபதியில் ஒரு மோட்டார் வைண்டிங் பட்டறை. மேசையில் கருகிய காயில்.]

வணக்கமுங்க. இந்தக் காயில், லோ வோல்டேஜில் ஓட்டி ஓட்டிக் கருகிய ஒரு தோட்டத்து மோட்டாருடையது. வார்னிஷ் தீய்ந்த நாற்றம் கேமராவில் வராது, தப்பித்தீர்கள். தாமிரத்துக்கு மின்தடை உண்டு, கரண்ட் கூடினால் சூடு, சூடு கூடினால் இதே கதிதான்.

இந்த 5 ஹெச்.பி. மோட்டார் எடுப்பது 7, 8 ஆம்பியர். பிரான்ஸில் கட்டிக்கொண்டிருக்கும் ஈட்டர் என்ற ஃப்யூஷன் உலையில், அதாவது அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் எடுக்கும் உலையில், 15 கோடி டிகிரி பிளாஸ்மாவை (மின்னேறிய வாயுவை) சுவரில் படாமல் பிடித்து வைக்கும் 18 பெரிய காந்தங்களில் ஓட வேண்டியது 68,000 ஆம்பியர்! அதனால்தான் மீகடத்திக் கம்பி. மைனஸ் 269 டிகிரி வரை குளிர வைத்துவிட்டால் அதில் மின்தடையே கிடையாது.

[காட்சி: கேபிளின் குறுக்குவெட்டுப் படம்.]

ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத கம்பிகள். ஒரு கேபிளில் நியோபியம்-டின் (நியோபியம் என்ற உலோகமும் வெள்ளீயமும் சேர்ந்த மீகடத்தி) கம்பி 900, வெறும் தாமிரம் 522. நம் ட்விஸ்டிங் மில்லில் நூலுக்கு ஏற்றுவது போல, முதலில் மூன்று மூன்றாக, அப்புறம் கொத்துக் கொத்தாக முறுக்கேற்றி, ஸ்டீல் குழாய்க்குள் விடுகிறார்கள். எங்காவது மீகடத்தும் தன்மை போய்விட்டால், கரண்ட் தாமிரத்துக்குத் தாவி, கம்பி எரியாமல் காக்கும்.

சிக்கல் என்னவென்றால், நியோபியம்-டின் பீங்கான் மாதிரி, வளைத்தால் விரிசல்தான். "ஏனுங்க, அப்புறம் எப்படிச் சுத்துவாங்க?" என்றார் பட்டறைக்காரர்.

முறுக்கு சுடுகிற மாதிரிதான். மாவைப் பிழிந்து சுற்றலாம், எண்ணெயில் வெந்தபின் வளைத்தால் நொறுங்கும். சுற்றும்போது கம்பிக்குள் நியோபியமும் வெள்ளீயமும் தனித்தனியாகவே இருக்கின்றன. சுற்றி முடித்துக் காயிலோடு சூளையில் வைத்து, 650 டிகிரியில் நாள்கணக்காக வேக விட்டால், வெள்ளீயம் நியோபியத்துக்குள் ஊறி அங்கேயே மீகடத்தியாகிறது.

"அந்தச் சூட்டுல எனாமல் எரிஞ்சுருமேங்க?" என்றார் உடனே. தொழில்காரர் கேள்வி! எரிந்துவிடும்தான். அதனால் இன்சுலேஷன் கடைசியில். வெந்த காயிலை ஸ்பிரிங் மாதிரி மெல்லப் பிரித்து, சுற்றுக்குச் சுற்று கண்ணாடி இழை டேப் சுற்றி, மறுபடி சேர்க்கிறார்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு நீட்டத்துக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கு.

[காட்சி: ரிப்பன் போன்ற டேப்.]

இப்போது ரெப்கோ (REBCO) என்ற மீகடத்தி டேப்பும் வந்துவிட்டது. வாங்கும்போதே வெந்தது, அப்படியே சுற்றலாம். 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகமும் காமன்வெல்த் ஃப்யூஷன் நிறுவனமும் இந்த டேப்பால் காந்தம் சுற்றித்தான் 20 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அளவு) எட்டினார்கள். விலைதான் கையைக் கடிக்கிறது.