காகிதச் சிற்பம் அழிந்தது, கொலாஜ் பிறந்தது: 1912இல் நடந்தது என்ன?

[திரையில்: 1914ஆம் ஆண்டின் கறுப்பு வெள்ளைப் புகைப்படம்]

வணக்கம். கத்தரித்த காகிதங்களை ஒட்டிப் படமாக்கும் கொலாஜ் கலைக்குப் பின்னால், இன்று ஒன்றுகூட மிஞ்சியிராத சில சிற்பங்கள் இருக்கின்றன. வெறும் காகிதத்தில் அவற்றைச் செய்தவர் பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் பிராக். நீங்கள் காணும் இந்தப் புகைப்படத்தில், பாரிஸில் அவருடைய அறையின் மூலையில் அவற்றுள் ஒன்று நிற்கிறது.

பின்னணி சுருக்கமானது. பிராக்கும் பாப்லோ பிக்காசோவும் இணைந்து வளர்த்த கியூபிசம் என்ற ஓவியப் பாணி, 1911 அளவில் பொருள்களை இன்னதென்று அடையாளம் காண முடியாதபடி சிறு தளங்களாக உடைத்திருந்தது. 1912 மே மாதத்தில் பிக்காசோ ஓர் ஓவியத்தில் பிரம்பு நாற்காலியின் பின்னல் அச்சிட்ட மெழுகுத் துணியை ஒட்டினார். ஆனால் காகிதத்தை ஒட்டும் வழியைத் திறந்தவர் பிராக்.

[திரையில்: தென் பிரான்சின் வரைபடம்]

அந்தக் கோடையில் இருவரும் சோர்க் என்ற சிற்றூரில் தங்கியிருந்தனர். அங்கே காகிதச் சிற்பங்களைச் செய்துவந்த பிராக், அந்த வேலை தமக்கு மிகுந்த நிறைவைத் தருவதாக ஓவிய வணிகர் கான்வைலருக்கு எழுதினார். பிறகு அருகிலுள்ள அவிஞோன் நகரக் கடை ஒன்றில் மரவரிகள் அச்சிட்ட வால்பேப்பரைக் கண்டார். நம் வீட்டு அலமாரிகளில் ஒட்டும் சன்மைக்காவைப் போன்றது அது. பிக்காசோ பாரிஸுக்குப் புறப்படும்வரை காத்திருந்து, அதன் பிறகே அதை வாங்கினார். முளைவிட்ட ஓர் எண்ணத்தை நெருங்கிய நண்பரின் கண்ணிலும் படாமல் காத்த அந்தப் பொறுமையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அவ்வாறு உருவான முதல் படைப்பு 'பழத்தட்டும் குவளையும்'. திராட்சையையும் குவளையையும் கரிக்கோலால் வரைந்த பிராக், மரவரித் தாளின் துண்டுகளை மேலே சுவர்ப் பலகையாகவும் கீழே மேசையின் இழுப்பறையாகவும் ஒட்டினார். சிற்பத்தில் நிறம் என்பது பொருளோடு கூடவே வருவது. மரத்துக்கு மரத்தின் நிறம், அட்டைக்கு அட்டையின் நிறம். அதே முறையில் இங்கும் நிறத்தைக் காகிதம் தருகிறது, வடிவத்தைக் கோடு தருகிறது, இரண்டும் ஒன்றையொன்று சாராமல் இயங்குகின்றன. நிழலை மட்டும் நம்பாமல், ஒட்டிய காகிதத்தாலும் ஆழத்தை உணர்த்தியதுதான் இதன் சாதனை என்று கருதுகிறேன்.

1912 அக்டோபர் 9 அன்று பிக்காசோ பிராக்குக்கு எழுதிய கடிதத்தில், அவருடைய புதிய காகித முறைகளைத் தாமும் கையாண்டு வருவதாகக் குறிப்பிட்டார்.

[திரையில்: பிக்காசோவின் அட்டைக் கிட்டார்]

இந்தக் காணொளியை நான் உருவாக்கியதே இந்தக் கிட்டாருக்காகத்தான். தயவுசெய்து இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லாதீர்கள். அட்டை, காகிதம், நூல், கம்பி ஆகியவற்றால் பிக்காசோ 1912 இறுதியில் செய்த இதன் உயரம் ஏறத்தாழ 65 சென்டிமீட்டர். செதுக்கியோ வார்த்தோ செய்யாமல், துண்டுகளை வெட்டி இணைத்தே ஒரு சிற்பத்தை உருவாக்க முடியும் என்பதை இது காட்டியது. முன்பலகையின் பெரும்பகுதி இல்லாததால் கிட்டாரின் உட்பக்கம் வெளியே தெரிகிறது. உள்வாங்க வேண்டிய ஒலித்துளையோ, குழாயாக நம்மை நோக்கி நீண்டு நிற்கிறது! இந்தத் தலைகீழ் மாற்றத்துக்கு, பிக்காசோவிடம் இருந்த மேற்கு ஆப்பிரிக்காவின் கிரெபோ இன மக்களுடைய முகமூடியே வழிகாட்டியது என்று கான்வைலர் பிற்காலத்தில் எழுதினார். அந்த மர முகமூடியில், குழிகளாக இருக்க வேண்டிய கண்கள் உருளைகளாக வெளியே துருத்திக்கொண்டிருக்கின்றன. ஆனாலும் பார்ப்பவர் தயங்காமல் அவற்றைக் கண்கள் என்றே கொள்கிறார். நவீனக் கலையின் இத்தனை பெரிய திருப்பத்தில் பெயர் தெரியாத ஓர் ஆப்பிரிக்கச் சிற்பிக்கும் பங்கு உண்டு என்பதை உரக்கச் சொல்ல வேண்டும்.

இப்போது அதே காலத்தில் பிக்காசோ செய்த 'கிட்டார், இசைத்தாள், குவளை' என்ற கொலாஜைப் பாருங்கள். பின்னணி முழுவதும் வால்பேப்பர். அதன்மேல் மரவரித் தாள், இசைத்தாள், 1912 நவம்பர் 10 தேதியிட்ட செய்தித்தாளின் ஒரு துண்டு. ஒலித்துளை எங்கே என்று தேடினால், அது எல்லாவற்றுக்கும் மேலே ஒட்டிய வெள்ளை வட்டமாக இருக்கிறது. அட்டைச் சிற்பத்தில் குழாயாக நீண்ட துளை, தட்டையான தாளில் மேலடுக்காக ஏறி அமர்ந்துவிட்டது. கிட்டாரின் உடலில் ஒரு பகுதியை அவர் ஒட்டவேயில்லை. சுற்றியுள்ள துண்டுகளுக்கு நடுவே தெரியும் வால்பேப்பரே உடலாகிவிடுகிறது. பாரிஸில் பூல்வார் ரஸ்பாய் சாலையிலிருந்த அவருடைய பணியறையின் புகைப்படங்களில், அட்டைக் கிட்டாரைச் சூழ்ந்து இத்தகைய காகித வேலைகள் சுவரில் தொங்குவதைக் காணலாம். சிற்பமும் கொலாஜும் ஒரே சுவரில், ஒரே கையில் வளர்ந்தன.

அந்தக் கிட்டாரை 1914இல் பிக்காசோ தகரத்தில் மீண்டும் செய்தார். இரண்டும் இப்போது நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

கொலாஜ் செய்து பார்க்க விரும்பும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நேரடியாகத் தாளில் ஒட்டத் தொடங்காதீர்கள். ஒரு பொருளை முதலில் அட்டையில் வெட்டி, மடித்து, நிற்க வையுங்கள். எந்தத் தளம் முன்னே வருகிறது, எது பின்னே செல்கிறது என்று சுற்றிவந்து கவனியுங்கள். அதன் பிறகு, நிழல் எதுவும் தீட்டாமல், அந்த வரிசையைக் காகித அடுக்குகளாக ஒட்டுங்கள். உங்கள் படைப்பில் எந்தக் காகிதம் முதலில் முன்னே வந்து நின்றது என்பதைக் கமெண்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் நான் படிக்கிறேன்.