டயாலிசிஸ் நர்ஸ் ஆகணுமா? கோர்ஸ் மட்டும் பத்தாது

ஹாய் மக்களே, டூட்டி முடிச்சு இப்பதான் வந்தேன், அப்படியே உக்காந்து பேசுறேன், ஃபேன் சத்தம் வந்தா கண்டுக்காதீங்க. நர்சிங் முடிச்ச பசங்க நெறைய பேரு கேக்குறது, அக்கா டயாலிசிஸ்ல ஸ்பெஷலிஸ்ட் ஆகணும்னா என்ன படிக்கணும்னு. படிப்பு இருக்குங்க, கிரிட்டிகல் கேர் (ஐசியூ), ஆன்காலஜி (கேன்சர்) மாதிரி பிரிவுக்கெல்லாம் நர்சிங் முடிச்சப்புறம் படிக்கிற ஒரு வருஷ போஸ்ட் பேசிக் டிப்ளமோ இருக்கு, கிரிட்டிகல் கேர்ல நர்ஸ் பிராக்டிஷனர்னு ரெண்டு வருஷ எம்எஸ்சியே இந்தியன் நர்சிங் கவுன்சில் கொண்டு வந்துருக்கு. படிங்க, வேணாங்கல. ஆனா சர்டிபிகேட் கைக்கு வந்த அன்னிக்கே யாரும் ஸ்பெஷலிஸ்ட் ஆயிடறதில்ல.

மெஷின் ஓட்டுறது கொஞ்ச மாசத்துல வந்துரும், பிரைமிங் (ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி டியூப்ல சலைன் ஓட்டி காத்த வெளியேத்துறது), அலாரம் எல்லாம் பழகிடும். ஃபிஸ்துலாதான் ஆள காட்டிக் கொடுக்கும். டயாலிசிஸுக்கு ரத்தம் எடுத்து திருப்பி விடறதுக்காக கையில ஆர்ட்டரியையும் வெயினையும் சேத்து தெச்சிருப்பாங்க, அதான் ஃபிஸ்துலா, அது தேறி வரவே ஒன்றரை ரெண்டு மாசம் ஆகும், அப்புறம் வாரத்துக்கு ரெண்டு மூணு தடவ, ஒவ்வொரு தடவையும் ரெண்டு ஊசி. குத்துறதுக்கு முன்னாடி விரல வச்சா கிர்ருனு ஒரு அதிர்வு ஓடும், த்ரில்னு சொல்லுவோம். புதுசா வந்தவங்க அது இருக்கா இல்லையான்னு மட்டும் பாப்பாங்க, சீனியர் சிஸ்டர் தொட்டுட்டு, "போன வாரம் இப்டி இல்லையே, டொக்கு டொக்குனு அடிக்குது, எங்கயோ சுருங்குது, டாக்டர்ட்ட சொல்லி டாப்ளர் ஸ்கேன் பாக்க சொல்லு"ம்பாங்க. போன வாரம் எப்டி இருந்துச்சுன்னு விரல் ஞாபகம் வச்சிருக்கு பாருங்க, அது எந்த சிலபஸ்ல வரும்?

இன்னொண்ணு கொட்டாவி. நாலு மணி நேர டயாலிசிஸ்ல மூணாவது மணி நேரத்துல பேஷண்ட் கொட்டாவி விட்டா கூட வந்தவங்க தூக்கம்னு நெனப்பாங்க, பழகுன நர்ஸ் உடனே பிபி பாத்து, மெஷின் ஒடம்புலருந்து தண்ணி எடுக்குறத நிறுத்தி, கால தூக்கி வச்சிருப்பா. பிபி எறங்கப் போகுதுங்கறதுக்கு பல நேரம் மொத அறிகுறியே அதான்.

இதெல்லாம் ஒரே யூனிட்ல, அதே பேஷண்டுகள திரும்பத் திரும்ப பாத்தாத்தான் வரும். ஆனா நெறைய எடத்துல என்ன பண்றாங்க, கை பழகி வர்ற நேரத்துல ரொட்டேஷன்னு மெட்டர்னிட்டி வார்டுக்கு அனுப்பிடறாங்க, அங்க ஆள் இல்லையாம். எனக்கு செம கடுப்பாகும்.

அதனால இன்டர்வியூக்கு போறவங்க மொதல்ல ரெண்டு கேளுங்க, எத்தன மாசத்துல வார்டு மாத்துவீங்க, ஆரம்பத்துல கூட நிக்க சீனியர் இருப்பாங்களா, இல்ல ரெண்டாவது வாரமே நைட்டுல தனியா விட்டுருவீங்களான்னு. சம்பளம் பேசுறது அப்புறம். சரி எனக்கு பசிக்குது, போயிட்டு வரேன்.