மிஷன் இம்பாசிபிள்: எட்டுப் படங்களில் எது முதல், எது கடைசி?

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு டாம் குரூஸ் நடித்த ஹாலிவுட் உளவுப் படத் தொடர் மிஷன் இம்பாசிபிள். 1996-இல் தொடங்கி 2025 வரை எட்டுப் படங்கள், எட்டையும் வரிசைப்படுத்தப் போகிறேன். கதையில் எதையும் மறைக்காமல் பேசுவேன், அதனால் இன்னும் பார்க்காதவர்கள் படங்களை முடித்துவிட்டு வாருங்கள்.

பொதுவாக இந்தத் தொடரை ஸ்டன்ட்டை வைத்துத்தான் வரிசைப்படுத்துகிறார்கள். டாம் குரூஸ் எதில் உயரமாக ஏறினார், எதில் விமானத்தில் தொங்கினார் என்று. எனக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: டாம் குரூஸ் நடிக்கும் உளவாளி ஈதன் ஹன்ட் போட்ட திட்டம் எந்த இடத்தில் சொதப்புகிறது, சொதப்பிய பிறகு அவன் என்ன செய்கிறான்? இந்தத் தொடரில் நாம் சீட் நுனிக்கு வருவது அந்த நிமிஷத்தில்தான்.

முதல் இடத்துக்குப் போட்டி இரண்டு படங்களுக்குள். 2011-இல் வந்த கோஸ்ட் புரோட்டோகால், 2018-இல் வந்த ஃபால்அவுட்.

கோஸ்ட் புரோட்டோகாலில் எந்தக் கருவியுமே ஒழுங்காக வேலை செய்யாது, கவனித்திருக்கிறீர்களா? தானாக அழிய வேண்டிய செய்தி அழியாமல் நிற்கும், ஈதன் திரும்பி வந்து அந்த டெலிபோன் பெட்டியில் ஒரு தட்டு தட்டணும். கிரெம்ளின் நடைபாதையில் விரிக்கிற திரை ஒரு ஜோடிக் கண்ணுக்குத்தான் சரியாகப் படம் காட்டும், இன்னொரு காவலாளி வந்து நின்றதும் குழம்பிப்போகும். அப்புறம் புர்ஜ் கலீஃபா. கையுறையில் நீல விளக்கு எரிந்தால் கண்ணாடியைப் பிடிக்கும், சிவப்பு எரிந்தால் விட்டுவிடும், அவ்வளவு உயரத்தில் ஒரு கை சிவப்புக்குப் போய்விடுகிறது. திரும்பி இறங்கும்போது கயிறு எட்டவில்லை, கண்ணாடிச் சுவரில் ஓடி, ஊசலாடி, ஜன்னலுக்குள் பாய வேண்டியிருக்கிறது.

ஆனால் எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்து வருவது. இன்னொருவர் முகத்தை அப்படியே காட்டும் முகமூடி செய்யும் இயந்திரம் கெட்டுப்போகிறது. பேரம் பேச வரும், ஒருவரை ஒருவர் பார்த்திராத இரண்டு தரப்பு, இரண்டு அறை, ஈதன் குழுவின் நான்கு பேரும் தங்கள் சொந்த முகத்தோடு போய் உட்கார்ந்து நடிக்க வேண்டும். சுவர் ஏறியதைவிட அந்த மேஜை எதிரே உட்காருவது பயங்கரமாக இருக்கிறது. பிராட் பேர்ட் அதுவரை அனிமேஷன் படங்கள் எடுத்தவர், யார் எங்கே நிற்கிறார்கள் என்பது ஒரு நொடிகூட நமக்குக் குழப்பமில்லை. குறை என்றால் வில்லன்தான். படம் முடிந்ததும் அந்த ஆளின் பெயர்கூட ஞாபகத்தில் நிற்பதில்லை.

சரி, அப்படியிருந்தும் என் முதல் இடம் ஃபால்அவுட்டுக்குத்தான். ஏனென்றால் கோஸ்ட் புரோட்டோகாலில் சொதப்புவது கருவி, இதில் எல்லாம் கெட்டுப்போவதற்குக் காரணம் ஈதன் எடுத்த ஒரு முடிவு. தொடக்கத்திலேயே பெர்லினில் தன் குழுவில் இருக்கும் நண்பன் லூதரின் உயிரா, புளூட்டோனியமா என்று வரும்போது அவன் லூதரைக் காப்பாற்றுகிறான், புளூட்டோனியம் கைவிட்டுப் போகிறது. அதன்பின் நடக்கும் அத்தனையும் அந்த ஒரு முடிவின் விளைவு. அதைத் தவறு என்று அவனைச் சுற்றி இருப்பவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், மறுபடியும் அதே நிலைமை வந்தாலும் அவன் அதையேதான் செய்வான் என்று நமக்குத் தெரியும்.

பாரிஸ் கழிவறைச் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஈதனோடு வரும் ஹென்றி கேவில் கோட்டைக் கழற்றிவிட்டு, துப்பாக்கிக்குத் தோட்டா ஏற்றுவதுபோல் இரண்டு கையையும் உதறுவதைத்தான் எல்லோரும் பேசுகிறோம். கதைக்கு முக்கியமானது அதன் முடிவு. இவர்கள் இருவரும் சண்டை போடும் எதிராளியின் முகத்தை அச்செடுத்து முகமூடி போடுவதுதான் திட்டம், பிரிட்டிஷ் உளவாளி இல்சா வந்து முகத்திலேயே சுட்டுவிடுகிறாள். இனி முகமூடி இல்லை, ஈதன் தன் முகத்தோடு போய் இன்னொருவன் பெயரைச் சொல்லித்தான் ஆகணும். லண்டன் கட்டடத் தாவலில் டாம் குரூஸின் கணுக்கால் நிஜமாகவே உடைந்தது, அந்த ஷாட்டையே படத்தில் வைத்திருக்கிறார்கள். விழுந்து, ஏறி, நொண்டிக்கொண்டே ஓடுகிறார். ஓடுவது டாம் குரூஸா ஈதனா என்று பிரித்துப் பார்க்கவே முடியவில்லை.

ஆக, இரண்டாவது கோஸ்ட் புரோட்டோகால்.

மூன்றாவது, பிரையன் டி பால்மா எடுத்த முதல் படம். சத்தம், உடல் சூடு, தரையில் அழுத்தம் என மூன்றுக்கும் அலாரம் அடிக்கும் சி.ஐ.ஏ. அறைக்குள் ஈதன் திருடப் போகிறான். பின்னணி இசை கிடையாது. கண்ணாடியில் வழியும் ஒரு வியர்வைத் துளியை உள்ளங்கையில் பிடிக்கிறான், அதைவிடப் பெரிய சண்டை எதுவும் இந்தத் தொடருக்குத் தேவைப்படவில்லை. வெளியேறும் நேரத்தில் கத்தி கீழே விழுந்து மேஜையில் குத்தி நிற்கிறதே, அதுதான் நான் சொல்கிற சொதப்பல்.

நான்காவது ரோக் நேஷன். வியன்னா ஆபரா அரங்கில் துப்பாக்கிக்காரர்கள் ஒரே தலைவரைக் குறிவைக்க, அவரைக் காப்பாற்ற ஈதனே அவரைச் சுட வேண்டியிருக்கிறது. இல்சா வந்ததும் இதில்தான், அதற்கே தனி மதிப்பெண்.

ஐந்தாவது மூன்றாம் பாகம். பிலிப் சீமோர் ஹாஃப்மன் குரலை உயர்த்தாமல் பத்து வரை எண்ணும் அந்த முதல் காட்சிக்கு ஈடாக இன்னொரு வில்லன் இந்தத் தொடரில் இல்லை. ஆனால் ஷாங்காய் கட்டடத்துக்குள் ஈதன் எப்படித் திருடினான் என்பதையே காட்டாமல் விட்டுவிட்டார்கள், அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஆறும் ஏழும் கடைசி இரண்டு படங்கள். டெட் ரெக்கனிங் மேலே. ரயில் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் விழும் அந்த நீண்ட காட்சிக்காக. இல்சாவை வெனிஸில் அவசர அவசரமாக முடித்ததை மட்டும் மன்னிக்க முடியவில்லை. ஃபைனல் ரெக்கனிங்கில் நீர்மூழ்கிக் கப்பல் காட்சி தங்கம், அநேகமாக வசனமே இல்லை, டார்பிடோ குழாய் வழியாக வெளியேற உடையையே கழற்ற வேண்டிய நிலைமை. அந்த இடத்துக்கு வருவதற்குள் பழைய படங்களின் துண்டுகளையும் விளக்கங்களையும் போட்டு நம்மைக் களைப்பாக்கிவிடுகிறார்கள். முதல் படத்தில் அந்த சி.ஐ.ஏ. அறையில் உட்கார்ந்திருந்த அதிகாரி டன்லோவை 29 வருஷம் கழித்துக் கூட்டி வந்தது மட்டும் மனசுக்கு நிறைவாக இருந்தது.

எட்டாவது, ஜான் வூவின் இரண்டாம் பாகம். மலை ஏறும் தொடக்கம் அழகு, கடைசி பைக் சண்டையும் ரசிக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இதில் ஈதனுக்குக் கைநழுவிப் போகிறது என்ற பயமே நமக்கு வருவதில்லை. மாட்டிக்கொண்டான் என்று நினைத்தால் முகமூடியை உரித்துவிட்டு வேறு யாரோ நிற்பார்கள். எப்போது வேண்டுமானாலும் முகமூடி உதவிக்கு வரும் என்று தெரிந்த பிறகு யாருக்காகப் பதறுவது?

மூன்றாம் பாகத்தை ஐந்தில் வைத்ததற்குச் சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும். வாருங்கள், ஆனால் அந்த ஷாங்காய் காட்சிக்கு மட்டும் ஒரு பதிலோடு வாருங்கள்.