வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றை யார் பார்ப்பது?

வணக்கம் உறவுகளே. இன்றைக்கு ஊர்சுற்றலும் இல்லை, சாப்பாட்டுக் கடையும் இல்லை. நேற்று வடமராட்சியில் ஒரு சனசமூக நிலையத்தில், எங்கள் மாவட்டத்தில் அனர்த்த நிவாரணப் பணி செய்துவரும் ஒரு தொண்டு அமைப்பு நடத்திய பயிற்சிக்குப் போயிருந்தேன். அமைப்பின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் இது விளம்பரமாகிவிடும், விளம்பரம் செய்பவர்களைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்பது என்னுடைய பழைய காணொளிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பயிற்சி முழுவதும் ஒரே விடயத்தைப் பற்றியது: வெள்ளம் புகுந்த கிணற்றை மறுபடியும் பாவிக்கக்கூடிய கிணறாக மாற்றுவது எப்படி. காலையில் ஆர்வமில்லாமல் போன நான், மாலையில் இதைப் பற்றி உங்களிடம் உடனே பேசவேண்டும் என்ற துடிப்போடும், கொஞ்சம் கோபத்தோடும் திரும்பினேன்.

கோபத்துக்குக் காரணம் இதுதான். பயிற்சி நடத்திய அக்காவிடம் இந்த வேலைக்கு யார் பணம் தருகிறார்கள் என்று கேட்டேன். மழை பெய்துகொண்டிருக்கும்போது சோற்றுப் பார்சலுக்கும் உலருணவுப் பொதிக்கும் பணம் தர எத்தனையோ பேர் வருவார்கள் என்றும், தண்ணீர் வடிந்த பிறகு கிணறு இறைக்கவும் குளோரின் வாங்கவும் கேட்டால் அதே ஆட்கள் தொலைபேசியை எடுப்பதில்லை என்றும் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் இருந்து பார்க்கும் உறவுகளே, இந்தக் காணொளி முக்கியமாக உங்களுக்குத்தான்.

எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடும். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தேங்கி நிற்பதைத்தான் ஆண்டு முழுவதும் கிணற்றிலிருந்து அள்ளிக் குடிக்கிறோம், தோட்டத்துக்கும் இறைக்கிறோம். அந்தக் கல்லில் வெடிப்பும் துவாரமும் நிறைய உண்டு. ஆகவே மேலே தேங்கும் அழுக்கு கீழே போவதற்கு நெடுநேரம் எடுப்பதில்லை. பக்கத்துக் காணியில் மலக்குழி நிரம்பி வழிந்தால், கிணற்றுக்குக் கட்டு உயரமாக இருந்தாலும் நிலத்தடியால் அது வந்து சேர்ந்துவிடும். வெள்ளம் கட்டுக்கு மேல் ஏறவில்லை, ஆகவே எங்கள் கிணறு சுத்தம் என்று சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவேண்டும்.

இப்போது நேற்று எனக்கு மிகவும் பிடித்துப்போன பகுதிக்கு வருகிறேன். வெள்ளம் வடிந்த மறுநாளே பெரிய இறைப்பு இயந்திரத்தைக் கொண்டுவந்து கிணற்றை அடிமட்டம் வரை இறைத்துவிடுவதுதான் சுத்தம் செய்யும் முறை என்று நம்மில் பெரும்பாலானோர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ஆபத்தான வேலை. சுற்றியுள்ள நிலம் நீரால் ஊறிக் கனத்திருக்கும் நேரத்தில் கிணற்றுக்குள் இருக்கும் தண்ணீரை மட்டும் வேகமாக எடுத்தால், வெளியிலிருந்து அழுத்தும் நீரைத் தாங்க உள்ளே எதுவும் இல்லாமல், பழைய கற்கட்டு உள்நோக்கிச் சரியக்கூடும். கடற்கரைக் கிராமங்களில் இன்னொரு கேடும் உண்டு. அங்கே நன்னீர் உப்புநீருக்கு மேலே ஒரு படலமாக மிதக்கிறது. நன்னீர் மட்டம் 1 அடி தாழ்ந்தால், கணக்குப்படி அடியிலுள்ள உப்புநீரின் எல்லை 40 அடி மேலெழும். 2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பின்னர் இலங்கையின் கரையோரங்களில் உவர்நீர் புகுந்த பல்லாயிரம் கிணறுகளை நல்லெண்ணத்தோடு திரும்பத் திரும்ப இறைத்தார்கள். சில இடங்களில் அந்த இறைப்பே உப்பை மேலே இழுத்துவிட்டது. மழையை விட்டு நிலத்தைக் கழுவச் செய்திருந்தால் அந்தக் கிணறுகள் முன்னதாகவே தேறியிருக்கும். உதவி செய்யப் போய் உபத்திரவம் செய்வது என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆகவே மெதுவாக இறைக்கவேண்டும், நிலம் கொஞ்சம் காய்ந்த பிறகு இறைக்கவேண்டும், அடியில் படிந்த சேற்றை அள்ளவேண்டும். பெற்றோலில் ஓடும் இயந்திரத்தை எந்தக் காரணம் கொண்டும் கிணற்றுக்குள் இறக்கக்கூடாது; அதன் புகையிலுள்ள காபன் மொனொக்சைட் உள்ளே இறங்குபவரைச் சத்தமில்லாமல் மயங்கி விழ வைத்துவிடும். இதைச் சொன்னபோது மண்டபத்தில் இருந்த வயதான ஐயா ஒருவர் தன் ஊரில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னார். அது அந்தக் குடும்பத்தின் துயரம் என்பதால் நான் அதை இங்கே விவரிக்கவில்லை.

சேறு போன பிறகுதான் குளோரின். கலங்கல் தண்ணீரில் போட்டால், கிருமியைக் கொல்லவேண்டிய குளோரின் சேற்றோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். கணக்கு எளிமையானது, கையில் பேனா இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். கிணற்றின் விட்டத்தை மீற்றரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, 0.785ஆல் பெருக்கி, பிறகு தண்ணீரின் ஆழத்தால் பெருக்கினால் எத்தனை கனமீற்றர் என்று வரும். 3 மீற்றர் விட்டமும் 2 மீற்றர் தண்ணீரும் உள்ள கிணற்றில் ஏறத்தாழ 14 கனமீற்றர், அதாவது 14,000 லீற்றர் இருக்கிறது. 70 சதவீத வலுவுள்ள கல்சியம் ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் தூள் 50 கிராமை 20 லீற்றர் வாளித் தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு கனமீற்றருக்கும் அதில் அரை வாளி ஊற்றவேண்டும். நமது உதாரணக் கிணற்றுக்கு 7 வாளி, 350 கிராம் தூள். சாதாரண வெளிற்றும் தூள் என்றால் அதன் வலு அரைவாசிக்கும் குறைவு, ஆகவே அளவு கூடும். கரைசலை ஊற்றிவிட்டு ஓர் இரவாவது கிணற்றைத் தொடாமல் விட்டு, பிறகு வாசம் குறையும்வரை இறைத்துவிட்டுத்தான் பாவிக்கவேண்டும்.

முன்னரே சொல்லியிருக்கவேண்டிய ஒன்று: தூளைத் தண்ணீரில் போடவேண்டும், தண்ணீரைத் தூளில் ஊற்றக்கூடாது. உலோக வாளி கூடாது, பிளாஸ்டிக் வாளிதான். திறந்த தூள் நாளாக ஆக வலுவிழக்கும், ஆகவே சென்ற மாரிக்கு வாங்கிய மிச்சம் அலுமாரியில் இருக்கிறது என்று யாரும் நிம்மதியாக இருக்கவேண்டாம். குளோரின் கிருமியைக் கொல்லுமே தவிர, உப்பையோ எண்ணெயையோ உரத்திலிருந்து வரும் நைத்திரேற்றையோ அகற்றாது. சந்தேகம் இருந்தால் உங்கள் பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள். அதுவரை குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் குடியுங்கள்.

விலை சொல்லாமல் நான் ஒரு காணொளியும் முடிப்பதில்லை, ஆகவே தண்ணீர்க் கானின் கதைக்கு வருகிறேன். பேரிடரில் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர் தேவை என்பது உலகெங்கும் நிவாரண அமைப்புகள் பின்பற்றும் ஸ்பியர் நியமம். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அது 60 லீற்றர், அதாவது 20 லீற்றர்க் கான் மூன்று. கான் வாய் ஒடுங்கியதாகவும் குழாய் பூட்டியதாகவும் இருக்கவேண்டும் என்று அக்கா வலியுறுத்தினார், ஏனென்றால் வாளியில் கோப்பையை விட்டு மொள்ளும்போது கைவிரலில் உள்ள எல்லாம் சுத்தமான தண்ணீருக்குள் போய்விடும். உடனே யாழ்ப்பாண நகரில் தேடப் போனேன். ஒரு கடையில் குழாயோடு 1,650 ரூபாய். குழாயைத் திருகிப் பார்த்தேன், மூடிய பிறகும் சொட்டிக்கொண்டே இருந்தது. அது புதுக் கான் என்றபடியால் அப்படித்தான் இருக்கும், பாவிக்கப் பாவிக்கச் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொன்னார். பாவிக்கப் பாவிக்க இறுகும் குழாயை நான் இதுவரை கண்டதில்லை. அடுத்த கடையில் குழாய் இல்லாமல் 1,400, குழாய் தனியாக 350, ஆக 1,750. நூறு ரூபாய் கூடக் கொடுத்து இரண்டாவதை வாங்கி, இறப்பர் வளையம் ஒன்றை இனாமாகக் கேட்டு வாங்கி, வீட்டுக்கு வந்து நிரப்பி, தாளைக் கீழே விரித்து இரவு முழுவதும் வைத்தேன். காலையில் தாளில் ஒரு துளி ஈரம்கூட இல்லை. இந்தப் பெருமையைக் கேட்க வீட்டில் எவரும் ஆயத்தமாக இல்லை, ஆகவே உங்களிடம் சொல்கிறேன். மூன்று கானுக்கு 5,250 ரூபாய். ஒரு பிறந்தநாள் கேக்கின் செலவுதான்.

இப்போது பொதிகள். உணவுப் பொதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீரில் மூழ்கிய அடுப்பில் யாராலும் சமைக்க முடியாது, முதல் மூன்று நான்கு நாட்களுக்குச் சமைத்த சோறு அவசியம். எனக்குப் பிடிக்காதது, பொதியின் மேல் உபயகாரரின் படத்தை ஒட்டி, வாங்கும் அம்மாவைக் கமராவைப் பார்க்கச் சொல்லி நிற்க வைப்பது. பாடசாலை மண்டபத்தில் ஈரச் சேலையோடு நிற்பவரை யாரும் படமெடுக்க வேண்டியதில்லை. கிழிந்த பழைய உடுப்புகளை மூட்டை கட்டி அனுப்புவதும் அப்படித்தான். அதைப் பிரித்து, தரம் பார்த்து, எரிக்கவேண்டியதை எரிக்கும் வேலை கடைசியில் தொண்டர்களின் தலையில் விழுகிறது. நேற்றைய அமைப்பு பெண்களுக்கான சுகாதாரத் துவாய், குழந்தைப் பால்மா, சளி மாத்திரை முதற்கொண்டு எந்த வீட்டில் என்ன தேவை என்று கேட்டுப் பட்டியல் போட்ட பிறகுதான் வாங்குகிறது, வீட்டுக்காரரே தீர்மானிக்கட்டும் என்று சில வேளைகளில் காசாகவே கொடுக்கிறது. இதுதான் முறை.

பட்டியல் என்றதும் நினைவுக்கு வருகிறது. மாரிக்கு முன்னரே அவர்கள் கிராம அலுவலரோடு சேர்ந்து ஒவ்வொரு ஒழுங்கையிலும் நடக்க முடியாதவர்கள், கர்ப்பிணிகள், தனியே வாழும் முதியவர்கள் யார் என்று எழுதிவைக்கிறார்கள். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில், பெரிய வீட்டில் அம்மா மட்டும் தனியே என்ற நிலை எங்கள் ஊர்களில் எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் உருவான அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்ற இலக்கத்தில் அழைக்கலாம், அம்புலன்ஸுக்கு 1990. இரண்டையும் அந்த அம்மாவின் தொலைபேசிக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள். ஆனால் அவரைத் தூக்கிக்கொண்டு வெளியேற முதலில் வரப்போகிறவர் பக்கத்து வீட்டுப் பையன்தான், அந்தப் பையனுக்குத்தான் பயிற்சி தேவை.

தீவுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், நெடுந்தீவுக் காணொளியில் விரிவாகப் பேசிவிட்டேன். கடல் கொந்தளித்தால் குறிகட்டுவானிலிருந்து படகு ஓடாது. ஆகவே மருந்தும் குளோரினும் முன்கூட்டியே அங்கே இருக்கவேண்டும். பெருநிலத்திலிருந்து குடாநாட்டுக்கும் இதே நிலைதான்: 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் 600க்கு மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டபோது வீதிகள் அறுந்தன, ரயில் சேவைகள் நின்றன. கொழும்பிலிருந்து லொறி வரும் என்று காத்திருக்க முடியாது.

இன்னொன்றை மேலே சொல்லாமல் தாண்டிவிட்டேன். 2024 நவம்பரில் பெங்கல் புயலோடு வந்த வெள்ளம் வடிந்த பிறகு, டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவிச் சிலர் இறந்தார்கள். அப்போது பார்சல் கொடுக்கும் படங்கள் முகநூலில் ஓய்ந்து வாரக்கணக்காகியிருந்தது. காலில் புண்ணோடு வயலுக்குள்ளும் சேற்றுக்குள்ளும் இறங்காதீர்கள், காய்ச்சலும் தசைநோவும் வந்தால் பனடோலோடு வீட்டில் படுத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள், கிணறு துப்புரவாக்க இறங்குபவர்கள் தடுப்பு மாத்திரையைப் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முதலே கேட்டுக்கொள்ளுங்கள். நேற்றைய பயிற்சியில் தொண்டர்களுக்கு நீண்ட சப்பாத்தும் கையுறையும் கட்டாயம் என்று விதி வைத்திருந்தார்கள். அந்தச் சப்பாத்து வாங்கவும்தான் பணம் கிடைப்பதில்லை.

பணம் அனுப்ப விரும்பும் உறவுகளே, உங்கள் ஊரில் வேலை செய்யும் எந்த அமைப்பாக இருந்தாலும், அனுப்பும் முன்னர் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: வெள்ளம் வடிந்த அடுத்த ஒரு மாதத்துக்கு உங்களிடம் என்ன திட்டம் இருக்கிறது, அதற்கு எவ்வளவு குறைகிறது? பதில் சொல்லத் தெரிந்தவர்களுக்கு அனுப்புங்கள், படம் கேட்காதீர்கள். ஊரில் இருப்பவர்களுக்கு: அடுத்த பயிற்சி ஐப்பசி பிறந்ததும் தென்மராட்சியில் நடக்கிறது, கட்டணம் இல்லை, பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட ஆண் பெண் இருபாலாரும் வரலாம். பங்குக் கிணறு என்றால் பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து வருவது நல்லது, ஏனென்றால் ஒருவர் குளோரின் போடும் இரவில் மற்றவர் தோட்டத்துக்கு இறைத்துவிட்டால் அத்தனையும் வீண். வரும்போது உங்கள் கிணற்றின் விட்டத்தையும் தண்ணீரின் ஆழத்தையும் மீற்றரில் அளந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்; உங்கள் கிணற்றுக்கு எத்தனை கிராம் என்று அங்கேயே கணக்குப் பார்த்துத் தருவார்கள்.