அந்தக் கோயில் எங்கள் கடலில் இல்லை

(திருகோணமலையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மாரே, பின்வரிசையில் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்கும் தம்பிமாரே, எல்லாருக்கும் வணக்கம். தம்பிமார் பார்த்துக்கொண்டே கேட்கலாம், குறை நினைக்கமாட்டேன். இன்றைக்குப் பேசப்போவதே அதற்குள் வருகிறதைப் பற்றித்தான்.

வட்ஸ்அப்பில் எனக்கு ஒரு படம் வந்தது. உங்களில் சிலருக்கும் வந்திருக்கும். நீலத் தண்ணீர், மணல் தரை, வரிசையாகக் கற்சிலைகள், நடுவில் நீந்திப் போகிற ஒரு சுழியோடி. கீழே எழுதியிருந்தது: 'கடலுக்கடியில் கோணேசர் கோயில், 5000 ஆண்டுப் பழைமை, உண்மைத் தமிழனாக இருந்தால் பகிரவும்.' அனுப்பியவர் எனக்கு மாமா முறை. அவரிடம் மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் உங்களிடம் சொல்கிறேன். அது பாலித் தீவு. இந்தோனேசியாவில், அந்தத் தீவின் வடக்குக் கரையில் பெமுத்தெரான் என்று ஒரு ஊர். பவளப்பாறையைக் காப்பாற்றவும் சுழியோட வருகிறவர்களை இழுக்கவும் 2005 வாக்கில் சிலைகளைச் செய்து அங்கே கடலுக்குள் இறக்கி வைத்தார்கள். 2010இல் அந்தப் படங்கள் இணையத்தில் பரவியபோது கண்ணனின் துவாரகை என்று சிலர் சொன்னார்கள், புராதன இந்துக் கோயில் என்று சிலர் சொன்னார்கள். அந்தப் படமே சுற்றிச் சுற்றி இப்போது, கோணேசர் கோயில் நிற்கிற எங்கள் சுவாமி மலைக்குக் கீழே வந்து நிற்கிறது.

எனக்குக் கோபம் வருவது எங்கே என்றால், எங்களிடம் உண்மையாகவே ஒன்று இருக்கிறது. 1622, சித்திரைப் புத்தாண்டு நாள். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலைப் பிடித்து இடித்தார்கள். கல்லில் ஒரு பகுதி கோட்டைச் சுவருக்குப் போனது, இன்னொரு பகுதி மலையிலிருந்து கடலில் விழுந்தது. 1956இல் அறிவியல் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய சுழியோடித் தோழர் மைக் வில்சனும் அந்த மலையடியில் சுழியோடிப் பார்த்தார்கள். செதுக்கிய தூண்களும் கோயிற் கற்களும் கிடந்தன. கடலடியில் கிடைத்த ஒரு லிங்கத்தை வில்சன் மேலே கொண்டுவந்தார், அது கோயிலுக்குத் திரும்பிப் போனது. அந்த வெள்ளைக்காரர் பிற்காலத்தில் காவி உடுத்து சுவாமி சிவகல்கி என்று பெயர் வைத்துக்கொண்டார். இந்தக் கதை ஒரு குழுவிலும் சுற்றிவருவதில்லை. ஏன்? நானூறு வருடம் கடலில் கிடந்த தூணில் பாசியும் சிப்பியும் ஏறியிருக்கும். எது பாறை எது தூண் என்று பார்த்த மாத்திரத்தில் பிடிபடாது. பாலியில் இருப்பது படம் எடுப்பதற்கென்றே செய்து வைத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பாலிதான் வடிவு, சந்தேகமில்லை.

இந்தப் படத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். படத்தில் பொய் இல்லை. சிலையும் சுழியோடியும் நிசம். பொய் முழுக்கக் கீழே எழுதின இரண்டு வரியில் இருக்கிறது. ஊரை மாற்றிவிட்டார்கள், காலத்தை மாற்றிவிட்டார்கள். வைரலாகிற பொய்களில் பெரும்பங்கு இந்த வகைதான் என்பது என் கணிப்பு. படத்தைத் திருத்த உழைப்பு வேண்டும். ஊர்ப்பெயரை மாற்ற விரல் ஒன்று போதும்.

சுனாமிக்கு வருவோம். இந்த மண்டபத்தில் அந்த நாளை மறந்தவர் யாரும் இருக்கமாட்டீர்கள், சின்னப் பிள்ளைகளைத் தவிர. 2004 டிசம்பர் 26. யூடியூபில் முதன்முதலாக ஏற்றப்பட்ட காணொளி 2005 ஏப்ரல் 23ஆம் தேதியது. சன் டியேகோ மிருகக்காட்சிச்சாலையில் ஒருவர் யானைகளுக்கு முன் நின்று கதைக்கிறார், 19 விநாடி, அவ்வளவுதான். (யானை பார்க்க எங்களுக்கு யூடியூப் வேண்டியதில்லை, கந்தளாய் தாண்டி ஹபரணை வீதியில் போனால் போதும்.) அதாவது கடல் வந்து நாலு மாதம் கழித்துத்தான் யூடியூப் என்று ஒன்று வந்தது. அன்றைக்கு எங்கள் ஆட்களின் கைகளில் கமெரா உள்ள தொலைபேசி அநேகமாக இல்லை. டச்சுக் குடாவிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் என்ன நடந்தது என்பது கண்டவர்களின் வாயில் இருக்கிறது, படத்தில் மிகக் குறைவு. அந்த வெற்றிடத்தில் வேறு ஊர்ப் படங்கள் வந்து குடியேறிவிட்டன. அப்போது மின்னஞ்சலில் சுற்றிய பிரபலமான படங்கள் சில உண்டு. சுவர் உயரத்துக்கு எழும்பிய மண்ணிறத் தண்ணீர், அதற்கு முன்னால் சிதறி ஓடுகிற சனம். தாய்லாந்தில் சுனாமி கரையேறிய நொடி என்று அனுப்பினார்கள். உண்மையில் அது சீனாவின் ஹாங்சோ நகரத்துப் பக்கம் சியான்தாங் ஆறு. கடல் ஏற்றம் ஆற்றுக்குள் அலையாகப் புகுவதைப் பார்க்க வருடா வருடம் அங்கே கூட்டம் கூடும், 2002இல் அந்த அலை கரை மீறியபோது எடுத்த படங்கள். வட்ஸ்அப்பும் இல்லை, டிக்டொக்கும் இல்லை, அப்போதே இந்த வேலை நடந்திருக்கிறது. ஆகையால் எல்லாப் பழியையும் இந்தக் காலத்துப் பிள்ளைகள் மேல் போடாதீர்கள்.

வெள்ளம் வந்தால் ஒரு சுறா வரும், தெரியுமா? தண்ணீர் நிறைந்த வீதி, காருக்குப் பக்கத்தில் நீந்துகிற சுறா. 2011இல் ஐரீன் புயலின்போது போர்ட்டோ ரிக்கோ என்று வந்தது. 2017இல் ஹார்வி புயலுக்கு அதே சுறா ஹூஸ்டன் போனது. அந்தச் சுறாவின் பிறப்பிடம் 2005இல் ஓர் ஆபிரிக்க இதழில் வந்த படம். சிறு தோணியில் ஒருவர் துடுப்புப் போட, பின்னால் ஒரு பெரிய வெள்ளைச் சுறா வருகிறது. அந்தச் சுறாவை வெட்டியெடுத்து வீதி வெள்ளத்தில் ஒட்டிவிட்டார்கள். இந்தக் கதை தெரிந்த பிறகு, வீதியில் சுறா என்றால் சிரித்துவிட்டுப் போகப் பழகிவிடுவோம். அங்கேதான் சறுக்கல். 2022இல் இயன் புயலின்போது புளோரிடாவின் போர்ட் மையர்ஸ் ஊரில் வெள்ளம் நின்ற வளவு ஒன்றில் பெரிய மீன் துடிக்கிற காணொளி வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். செய்தியாளர்கள் எடுத்தவரைத் தேடிப் பிடித்து, அசல் கோப்பில் பதிந்திருந்த நாளையும் நேரத்தையும் பார்த்தார்கள். காணொளி உண்மை. அது இளம் சுறாவாக இருக்கலாம் என்று வல்லுநர்கள் சிலர் சொன்னார்கள். எல்லாவற்றையும் நம்புகிறவரும் ஒன்றையும் நம்பாதவரும் ஒரே சோம்பேறித்தனத்தைத்தான் செய்கிறார்கள் என்பேன். இருவரும் பார்க்கவில்லை.

இதுவரை சொன்னதில் யாருக்கும் அடி விழவில்லை. இனிச் சொல்வது அப்படியல்ல.

கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக ஒரு விழிப்புணர்வுக் காணொளி எடுத்தார்கள். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வருகிறார்கள், தெருவில் விளையாடுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து பிள்ளையை இறக்கிவிட்டு, ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டுகிறார்கள்: பிள்ளையைக் கடத்த ஒரு நொடி போதும் என்று. நல்ல நோக்கம். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, தூக்குகிற பகுதியை மட்டும் அனுப்பினார்கள். அது இந்தியா முழுக்கச் சுற்றியது. 2018இல் பிள்ளை பிடிக்கிறவர் என்ற சந்தேகத்தில் ஊர் ஊராக ஆட்களை அடித்துக் கொன்றார்கள். தமிழ்நாட்டில் திருவண்ணாமலைப் பக்கம், குலதெய்வக் கோயிலுக்குப் போகிற வழியில் பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்த 65 வயது அம்மா ஒருவர் அந்த வருடம் மே மாதம் அப்படித்தான் செத்துப்போனார். பிள்ளையைக் கண்டால் இனிப்பு நீட்டாத கிழவி எந்த ஊரில் இருக்கிறாள்?

அதற்குப் பிறகுதான் வட்ஸ்அப் நிறுவனம் அசைந்தது. 2018இல் இந்தியாவிலும் 2019 ஜனவரியில் உலகம் முழுக்கவும் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாது என்று கட்டினார்கள். 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஒருவருக்குத்தான் அனுப்பலாம் என்றார்கள். இரட்டை அம்புக்குறி போட்டு வருகிறதே, அது. அப்படிப்பட்ட செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனமே சொன்னது. யோசித்துப் பாருங்கள், யாருக்கும் புத்தி சொல்லவில்லை, ஒரு சின்னத் தடங்கல்தான் வைத்தார்கள்.

இப்போது எங்கள் மாகாணத்துக்கு வருகிறேன். 2018 பெப்ரவரி கடைசியில், அம்பாறை நகரத்தில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. சாப்பிட வந்தவரின் கறியில் ஏதோ கட்டியாக இருந்தது. ஆட்கள் கூடிவிட்டார்கள். பிள்ளை பிறக்காமல் இருக்க மருந்து போட்டாயா என்று சிங்களத்தில் கேட்கிறார்கள். காசு மேசையில் நின்றவருக்குத் தமிழ்தான் மொழி, சிங்களம் மட்டுமட்டு. சுற்றி நின்று சத்தம் போடுகிறார்கள். கேள்வி முழுதாக விளங்கவில்லை, ஓம் என்கிற மாதிரி ஒரு பதில் சொல்லித் தப்பப் பார்க்கிறார். அதை யாரோ தொலைபேசியில் பிடித்தார்கள். 'ஒப்புக்கொண்டான்' என்ற தலைப்போடு அது முகநூலில் போனது. கடை அடித்து நொறுக்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்துவிட்டுச் சொன்னது: அது மாவுக் கட்டி. ஆளை நிரந்தரமாக மலடாக்குகிற குளிசை உலகத்திலேயே இல்லை என்று மருத்துவர்களும் சொன்னார்கள். அடுத்த வாரம் கண்டிப் பக்கம் திகன என்ற ஊர் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் எரிந்தது. அதைத் தொடக்கிய சம்பவம் வேறு, ஆனால் அம்பாறைக் காணொளி அங்கேயும் கையிலிருந்தது. மார்ச் 7ஆம் தேதி அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது, ஒரு வாரத்துக்கு மேல் நாடு அப்படி இருந்தது. அந்தக் கலவரத்தில் தங்கள் தளத்துக்கு இருந்த பங்குக்காக பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில்.

அந்தக் காணொளியிலும் வெட்டு இல்லை, ஒட்டு இல்லை. அந்த மனிதர் அங்கே நின்றது உண்மை, தலையாட்டியது உண்மை. இந்த நகரத்துச் சந்தையில் ஒரு சுற்று நடந்தால் மூன்று மொழி காதில் விழும். விளங்காத மொழியில் ஒருவர் அதட்டிக் கேட்டபோது, சரி சரி என்று தலையாட்டாதவர் இங்கே யாராவது இருந்தால் கையை உயர்த்துங்கள். ஒருவரும் இல்லை. நானும் உயர்த்தவில்லை.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசவில்லை என்று பிறகு தம்பிமார் குறை சொல்வார்கள். 2025 ஜூலையில் முயல்கள் வந்தன, நினைவிருக்கிறதா? இரவு, வீட்டுப் பின்வளவு, பிள்ளைகள் துள்ளி விளையாடுகிற டிரம்போலின் ஒன்றில் முயல்கள் குதிக்கின்றன. டிக்டொக்கில் 20 கோடிக்கும் மேல் பார்வை. அது கணினி செய்தது. இடையில் ஒரு முயல் காற்றில் கரைந்து காணாமலே போகிறது, கண்டவர் குறைவு. அதைச் செய்தவர் இருட்டையும் பாதுகாப்புக் கமெராவின் மங்கலையும் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. பிழையை அந்த மங்கல் மறைத்துவிடும். கூகுளின் வியோ போன்ற கருவிகள் அப்போது ஒரு தடவைக்கு எட்டு விநாடிதான் செய்து தந்தன. அதனால் மங்கலாக, குறுகியதாக, நம்பமுடியாத அழகோடு ஒன்று வந்தால் எனக்கு முயல் ஞாபகம் வரும். கருவி திருந்தத் திருந்த இந்த அடையாளமெல்லாம் போய்விடும். எந்த ஊர், என்றைக்கு, எடுத்தது யார் என்ற கேள்வி மட்டும் செல்லுபடியாகும். முயல் காணொளிக்கு எடுத்தவரும் இல்லை, ஊரும் இல்லை.

இதைச் செய்வது கடினமா என்றால், இல்லை. காணொளியை ஓரிடத்தில் நிறுத்தி, திரையைப் படம் பிடித்து, படத்தை வைத்தே தேடித் தருகிற கூகுள் லென்ஸில் போடுங்கள். பழைய காணொளி என்றால் பெரும்பாலும் அதன் பழைய வீடு வந்து நிற்கும். பிறகு ஆட்களை விட்டுவிட்டுப் பின்னணியைப் பாருங்கள். எங்கள் நாட்டு வீதியென்றால் வாகனம் இடப்பக்கம் ஓடும், அரச பெயர்ப்பலகையில் மூன்று மொழி இருக்கும், எங்காவது இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சிவப்பு பஸ் ஒன்று நிற்கும். அலையோ புயலோ என்றால் 117க்கு எடுங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையம். 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நடுங்கியபோது இந்தக் கரையெல்லாம் எழும்பி ஓடியது. பெரிய அலை வரவில்லை. அன்றைக்குக் கடற்தரை மேலே எழவில்லை, பக்கவாட்டில் நகர்ந்தது, அதுதான் காரணம். ஓடியது வீண் என்று பகிடி பண்ணினவர்கள் உண்டு. 2004இல் நிலநடுக்கத்துக்கும் அலைக்கும் இடையில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரேயொரு உண்மைச் செய்தி கைமாறி வந்திருந்தால் எத்தனை பேர் இந்த மண்டபத்தில் இருந்திருப்பார்கள்! அதனால்தான் தொலைபேசியைத் தூக்கிக் கடலில் எறி என்று நான் சொல்லமாட்டேன்.

படம் எடுக்கிற தம்பிமாருக்கு ஒன்று. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால், அதற்குள் பதிந்திருக்கிற நாள், நேரம், இடம் எல்லாம் உதிர்ந்துபோகும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் தங்கும். இன்னும் நல்லது, எடுக்கத் தொடங்கும்போதே வாயால் சொல்லிவிடுங்கள்: இது உப்புவெளி, இன்ன தேதி, இன்ன நேரம். பக்கத்தில் ஒரு பெயர்ப்பலகை இருந்தால் கமெராவை ஒரு தடவை அதன் பக்கம் திருப்புங்கள். பிறகு அதை வெட்டி வேறு ஊராக்க ஒருவன் கொஞ்சமாவது வியர்க்க வேண்டும்.

நேரம் போய்விட்டது என்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். துண்டுக் காகிதத்தில் வந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி முடிக்கிறேன். 'மீன் மழை என்பது உண்மையா, அதுவும் கதையா?' உண்மை. சிலாபம் பக்கத்து ஊர் ஒன்று, 2014 மே மாதம். கூரையில் ஏதோ விழுகிற சத்தம் கேட்டு வெளியே வந்த சனம் சின்னச் சின்ன மீன்களாகப் பொறுக்கியது, மொத்தம் 50 கிலோ அளவில். நீர்ச்சுழல் காற்று ஆழமில்லாத தண்ணீரிலிருந்து மீனை உறிஞ்சிக்கொண்டு போய்க் கரையில் கொட்டும் என்பது விளக்கம். பிபிசி வரை போன செய்தி. சிலது உயிரோடு கிடந்ததாம். அதுகளை வாளியில் தண்ணீர் விட்டுப் போட்டு வைத்தார்கள், பிறகு கறிக்கு ஆகும் என்று. வணக்கம்.