எங்கிருந்து மூன்றடி?

வடசென்னை நேயர்களுக்கு வணக்கம்.

வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ வீடு கட்டுகிறவரிடம் பேஸ்மட்டம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். "ரோட்டுலேர்ந்து மூணடி" என்பார். சரி, அந்த ரோடு எங்கிருந்து எத்தனை அடி? பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டால் ரோடு வளரும், வீடு வளராது. கொஞ்ச வருஷத்தில் வாசற்படி தெருவுக்குக் கீழே போய்விடும். டிரோன், சாட்டிலைட், கம்ப்யூட்டர் வரைபடம் எல்லாம் வந்த பிறகும் நான் விடாமல் கேட்பது இதைத்தான்: எங்கிருந்து அளந்தீர்கள்?

கொத்தனாரின் டியூப் லெவலை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிரப்பிய சாதாரணக் குழாய். உள்ளே ஒரு காற்றுக் குமிழி நின்றால் போச்சு, மட்டம் பொய் சொல்லும். விவரமான கொத்தனார் வேலை தொடங்குமுன் இரண்டு முனைகளையும் ஒட்டிப் பிடித்து, தண்ணீர் சமமாக நிற்கிறதா என்று பார்த்துக்கொள்வார். அரை நிமிஷ வேலை. லட்ச ரூபாய்க் கருவிக்கும் இந்த அரை நிமிஷம் வேண்டும். அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

ஜிபிஎஸ் இருக்கிறதே, அதற்குக் கடல் மட்டம் தெரியாது. பூமியை லேசாக அமுங்கிய, வழுவழுப்பான பந்தாக வைத்துக்கொண்டு அதிலிருந்து உயரம் சொல்லும். நிஜக் கடல் அப்படி இல்லை. இலங்கைக்குத் தெற்கே புவியீர்ப்பு குறைவு. அங்கே கடல் பரப்பு அந்தக் கணக்குப் பந்தைவிட 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, கப்பலும் சறுக்காது, பயப்படாதீர்கள்! அந்தப் பள்ளத்தின் சரிவுக்குள் நம்ம காசிமேடும் இருக்கிறது. அந்த மணலில் சர்வே ஜிபிஎஸ்ஸை வைத்துத் திருத்தாமல் படித்தால் மைனஸ் 80-க்கும் கீழே காட்டும்.

80 மீட்டர் தப்பு யார் கண்ணிலும் படும். திருத்தும்போது நுழைகிற 10 சென்டிமீட்டர்தான் படாது. மழைநீர் வடிகாலுக்கு ஆயிரத்துக்கு ஒன்று வாட்டம் என்றால், 100 மீட்டருக்கு இறங்குவதே 10 சென்டிமீட்டர், நாலு அங்குலம். அந்த நாலு அங்குலம் பிசகினால் தண்ணீர் கால்வாய்ப் பக்கம் போகாமல் தெருவிலேயே நிற்கும். கான்கிரீட் பளபளவென்று இருக்கும், தண்ணீரும் இருக்கும்.

டிரோனுக்கும் அதே கதை. ஒரு படத்தின் முக்கால் பங்கு அடுத்த படத்திலும் விழுகிற மாதிரி எடுப்பார்கள், அவற்றைக் கோத்துக் கம்ப்யூட்டர் தரையின் மேடுபள்ளத்தைக் கணக்கிடும். தரையில் பெயிண்டால் குறி போட்டு, ஒவ்வொரு குறியின் மட்டத்தையும் தனியே அளக்க வேண்டும். குறிகள் குறைந்தால் கம்ப்யூட்டர் தரை நடுவில் அப்பளம் மாதிரி உப்பிவிடும். ஓட்டேரி நல்லா கால்வாயில் ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தால், டிரோன் இலையைத் தரை என்று நம்பிவிடும். கால்வாயின் அடிமட்டம் வேண்டுமென்றால் ஆள் இறங்கி அளவுகோலை ஊன்றியாக வேண்டும்.

ஆக, எங்கிருந்து அளந்தீர்கள்? கடல் மட்டத்திலிருந்து உயரம் குறித்து வைத்த பெஞ்ச்மார்க் கல்லில் தொடங்கி, மட்டம் பார்க்கும் தொலைநோக்கியான ஆட்டோ லெவலோடு சுற்றி வந்து, அதே கல்லில் முடிக்க வேண்டும். தொடங்கிய கணக்கும் முடித்த கணக்கும் 4 கிலோமீட்டர் சுற்றுக்கு 24 மில்லிமீட்டர் வரை பிசகலாம். அதைத் தாண்டினால் வெயிலோ மழையோ, திரும்ப எடுக்க வேண்டியதுதான். தெருவில் அடையாளம் வைப்பவர்கள் இபி கம்பத்தில் வைக்காதீர்கள், கம்பம் மாறும். சிறுபாலத்துச் சுவர் நல்லது.

சென்னையின் வளர்ச்சிக்கான, 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாவது முழுமைத் திட்டத்தைப் (மாஸ்டர் பிளான்) பற்றிப் பேசத்தான் குறிப்பு எடுத்து வந்தேன், கண்ணாடிக்கு அப்பால் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி மனைக்குள், 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. வரைபடத்தை ஏற்றுமுன் உங்கள் என்ஜினீயரிடம் பேஸ்மட்டத்தைக் கடல் மட்டக் கணக்கிலும் எழுதித் தரச் சொல்லுங்கள். "ரோட்டுலேர்ந்து" என்று ஆரம்பித்தால், எந்த வருஷத்து ரோடு என்று கேளுங்கள். வணக்கம்.