சந்தேகங்களுக்கு விளக்கம்: நெல்லை – தூத்துக்குடிக்கு 160-ல ரயில் விடலாமா?

எல்லாருக்கும் வணக்கம். இந்த வாரம் ஒரே கேள்விதான் எடுத்திருக்கேன். புதுக்கோட்டையில இருந்து ஒரு தம்பி கேட்டது. நம்ம தூத்துக்குடி ரோட்டுப் புதுக்கோட்டைங்க, தொண்டைமான் புதுக்கோட்டை இல்ல. "அண்ணாச்சி, டெல்லி–மீரட்டுக்கு நமோ பாரத்னு 160 கிலோமீட்டர் வேகத்துல ரயில் விடுதாங்களே, நெல்லை, தூத்துக்குடி, திருச்செந்தூருக்கு அப்படி ஒண்ணு போட்டா என்ன?"

வாசிச்சதும் எனக்கு ஒரே சந்தோஷம். நானும் மேப்புல கோடு போட்டுப் பாத்தவன்தான்.

மொதல்ல அது என்னன்னு சொல்லிருதேன். டெல்லிக்கும் மீரட்டுக்கும் நடுவுல வேக ரயிலுக்குன்னே தனியாப் போட்ட பாதை, மொத்தம் 82 கிலோமீட்டர் தடம். 2023 அக்டோபர்ல சாகிபாபாத்துல இருந்து 17 கிலோமீட்டரு மொதல்ல தொறந்தாங்க. பாதை முக்காவாசி தூண் மேல, மிச்சம் சுரங்கத்துல. ரயில்வே கேட்டு கிடையாது, கூட்ஸ் வண்டி குறுக்க வராது. செலவு 30,000 கோடிக்கு மேல. அப்ப கிலோமீட்டருக்கு 350 கோடியத் தாண்டுது. தமிழ்நாடு பட்ஜெட்லயும் 2025-ல ஆய்வு பண்ணப்போறதா மூணு தடம் சொன்னாங்க: சென்னை–விழுப்புரம், சென்னை–வேலூர், கோவை–சேலம். நம்ம பக்கம் ஒண்ணும் இல்ல. தம்பிக்கு அந்த ஆத்திரமும் இருக்கும்னு நினைக்கேன். நியாயந்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். நெல்லையில இருந்து தண்டவாளம் நேரா கிழக்க போகாது. தாழையூத்து, கங்கைகொண்டான்னு வடக்க ஏறி, மணியாச்சி போயித்தான் தூத்துக்குடிக்குத் திரும்பும். சுமாரா 60 கிலோமீட்டர். 160-ல நிக்காம ஓடினா இருபத்தி ரெண்டரை நிமிஷம். சாதாரண வண்டி மாதிரி 110-ல ஓடினா முப்பத்தி மூணு நிமிஷம். மிச்சம் பத்து நிமிஷம்! அதுவும் நிக்காம போனாத்தான். தாழையூத்துல நின்னு, கங்கைகொண்டான்ல நின்னு போற வண்டி 160-ஐத் தொடுததுக்குள்ள பிரேக் போடணும். அந்தப் பத்து நிமிஷத்துக்கு இருபதாயிரம் கோடியா?

எங்க சித்தப்பா தட்டப்பாறைக்காரரு. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்க வருவாரு. ஊர்லயே ஸ்டேஷன் இருக்கு, ஆனா பஸ்லதான் வருவாரு. ஏன் சித்தப்பான்னு கேட்டா, "பஸ்ஸு நான் கையக் காட்டினா நிக்கும், ரயிலுக்கு நாமல்லா நிக்கணும்"னாரு. மடியில மாத்திரைப் பை, கையில ஒரு கட்டு கருப்பட்டி. வகைகுளம், வல்லநாடு, கேடிசி நகர்னு வெயில்ல வந்து இறங்குவாரு. வல்லநாட்டுப் பாலத்துல ஓட்டை விழுந்தப்ப அவரு பேசின பேச்ச இங்க சொல்ல முடியாது.

நான் எப்பவும் சொல்லுததுதான், திரும்பவும் சொல்லுதேன்: நேரம் போறது ஓட்டத்துல இல்ல, காத்துக் கெடக்கதுல. ஒரு நாளைக்கு விரல் விட்டு எண்ணுத அளவுக்கு பாசஞ்சர் விட்டுட்டு, அது எவ்வளவு வேகமா ஓடினா என்ன? சென்னையில இருந்து வந்தே பாரத் எட்டு மணி நேரத்துக்குள்ள நெல்லைக்கு வந்துருது. ஆனா கங்கைகொண்டான் சிப்காட்ல ஷிப்ட் முடிஞ்சவன் தூத்துக்குடி போகணும்னா ரோட்டுக்குத்தான் ஓடுதான்.

அதனால தம்பி, நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேற. ரெட்டப் பாதை போட்டாச்சு, கரண்டு கம்பியும் இழுத்தாச்சு, பின்ன ஏன் அரைமணிக்கு ஒரு மெமு, அதான் கரண்டுல ஓடுத பக்கத்து ஊரு பாசஞ்சர் வண்டி, விடமாட்டேங்காங்க? மெமுவுக்கு ரெண்டு பக்கமும் டிரைவர் கேபின் உண்டு, இஞ்சின் மாத்த வேண்டாம். மோட்டார் பல பெட்டிகள்ல பிரிஞ்சு இருக்கதால சட்டுனு வேகம் எடுக்கும். அடிக்கடி நின்னு போற தடத்துக்கு அதான் தோது. புதுசா தூணும் வேண்டாம், நிலமும் வேண்டாம்.

திருச்செந்தூர் வேற கதை. செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி எல்லாம் இன்னும் ஒத்தப் பாதை. எதிர்ல வண்டி வந்தா ஒண்ணு ஒதுங்கி நிக்கணும். 2023 டிசம்பர் வெள்ளத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்துல மாட்டிக்கிட்டது ஞாபகம் இருக்கும். ஜல்லியெல்லாம் அடிச்சுட்டுப் போயி தண்டவாளம் அந்தரத்துல தொங்குச்சு. அங்க ரெட்டப் பாதை போடும்போதே தண்ணி போக வழி விட்டு, கரையயும் ஒசத்திப் போடணும். தென்காசித் தடத்தப் பத்தி பாவூர்சத்திரத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. அத அடுத்த வாரம் பாப்போம்.